எட்டடிக்கு ஆறடித் தரை

ஞாயிற்றுக்கிழமை காலை மேசன் வேலை பார்க்கும் குணதாச பாஸ் வந்து சேருவதற்குள் புஷ்பம் தண்ணீர்ப் பீலிக்கும் வீட்டுக்கும் பதினாலு நடை நடந்து முடித்திருந்தாள். பாஸ் கேட்டிருந்தது ஒரு சின்னப் பீப்பாத் தண்ணீர். அவள் பீப்பாவை நிரப்பி, அண்டாவை நிரப்பி, கடைசியில் சோறாக்கும் பானையையும் நிரப்பி வைத்துவிட்டு, இனி எதை நிரப்பலாம் என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். கை சும்மா இருந்தால் அவளுக்கு ஆகாது. சும்மா இருக்கிற கை என்னென்ன செய்யும் என்பதை அன்றைக்கே அவள் காட்டியும் விட்டாள்.

புளத்கொகுபிட்டிய டவுனிலிருந்து மூன்று கட்டைத் தூரம் மேலே, றப்பர் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், பத்து ஒற்றையறைக் காம்பரா வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் புஷ்பத்தின் குடும்பத்துக்கு நாலாவது காம்பரா. ரத்தினபுரிப் பக்கம் வெள்ளம் வந்து ஊர் ஊராகக் கொண்டுபோன வருஷம் அது. இங்கே வெள்ளம் இல்லை, ஆனால் மழையும் விடவில்லை. றப்பர் மரம் நனைந்திருந்தால் வெட்டின பால் சிரட்டைக்கு வராது. பட்டை பூராவும் வழிந்து வீணாகும். காலையில் தூறல் விழுந்தால் கங்காணி வேலைக்குப் பேர் எழுதுகிற பிரட்டுக்களத்தில் கையை விரித்துவிடுவார். அந்த வைகாசியில் புஷ்பத்துக்கு விழுந்தது பதினோரு பேர், அதாவது மாசம் முழுக்கப் பதினோரு நாள் வேலை. புருஷன் நாகலிங்கம் ஸ்டோரில் புகைக்கூடத்துக்கு விறகு தள்ளுகிறவன். பால் வராவிட்டால் அங்கேயும் அடுப்பு எரியாது.

அந்த நேரத்தில்தான் கேகாலையிலிருந்து பால் திட்டக்காரர்கள் வந்தார்கள். லயத்துக்கு ஒரு சினைக் கிடாரி, இலவசம். ஆனால் மாடு சேற்றில் நிற்கக் கூடாது, காம்பராவுக்குப் பின்னாலிருக்கும் தோட்டத்துண்டில் கொங்கிரீட் தரை போட்ட கொட்டில் வேண்டும். சிமெந்தும் பாஸும் திட்டத்தின் பொறுப்பு. மணல், கல், கையாள் எல்லாம் வீட்டுக்காரர் பாடு. கீழ் லயத்தில் முதல் பேர் புஷ்பத்துக்கு விழுந்தது. இரண்டாம் பேர் பக்கத்துக் காம்பரா சுப்பம்மாவுக்கு. வியாழக்கிழமை திட்டத்து ஐயா வந்து பார்க்கும்போது முதல் பேருக்காரியின் தரை சரியில்லை என்றால் கிடாரி இரண்டாம் பேருக்குப் போய்விடும். அடுத்த கிடாரி எப்போது என்று ஐயாவுக்கே தெரியாது.

"றப்பர் மரம் மழைக்குப் பால் தராது, மாடு தருமில்ல?" என்று புஷ்பம் ஒரு மாசமாகக் கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். முதலில் கேட்டவர்கள் சிரித்தார்கள். பிறகு அவள் வாயைத் திறக்கும்போதே அவர்களே சொல்லி முடித்துவிட்டுப் போனார்கள். மழைக்காலம் வந்தால் அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்கிற அந்தப் பழக்கம் தொலையவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. இருபது வருஷமாகத் தடவுகிறாள்.

குணதாச பாஸ் நாட்டுப்பக்கத்துச் சிங்களவர். ஐம்பது வயசு, மெலிந்த உடம்பு, முழங்கால் வரைக்கும் மடித்த சாரம். தோட்டத்தில் வேலை செய்து செய்து தமிழ் பழகியவர். வந்ததும் ஒரு பேச்சில்லாமல் நாலு முளை அடித்து நூல் கட்டினார். எட்டடிக்கு ஆறடி. மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரிவு வைத்தார். நாகலிங்கமும் எதிர்க் காம்பரா இருளப்பனும் மண்ணை இடித்துக் கெட்டியாக்கினார்கள்.

"இது முடிஞ்சி அந்தப் பக்கம் சுப்பம்மா அக்காவோட. ரெண்டும் இன்னைக்கே," என்றார் பாஸ்.

"எங்களதுதானே முதல்ல?" என்றாள் புஷ்பம்.

"முதல்ல ஒங்களது அக்கே. சரி, தேத்தண்ணி இருக்கா?"

பால் விடாத பிளேன்டி ஊற்றி, கடிக்கக் கித்துள் கருப்பட்டியும் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தாள். கேகாலைப் பக்கத்தில் சீனி போட்ட பிளேன்டி குடிக்கிறவன் ஒன்று நோயாளியாக இருப்பான், இல்லை வெளியூரானாக இருப்பான். மிச்சக் கருப்பட்டியைக் கொட்டப்பெட்டியில் போடப் போனவளுக்குத் திடீரென்று அப்பாவின் ஞாபகம் வந்தது. மேப்பிரிவு மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குச் சாந்து இடித்தவர்களில் அவரும் ஒருத்தர். சுண்ணாம்பில் கருப்பட்டித் தண்ணியும் கடுக்காய்த் தண்ணியும் விட்டு இடித்தார்களாம். "கருப்பட்டி குடிச்ச சாந்து, யானை முட்டுனாலும் அசையாது," என்று சாகிறவரைக்கும் சொன்னார். மண்டபத்துக் கூரை இரண்டு தடவை காற்றில் பறந்திருக்கிறது, சுவரில் ஒரு கீறல் கிடையாது. அது பொய்யில்லை, போய்ப் பார்க்கலாம்.

மாட்டு மூத்திரமும் குளம்பும் பட்டால் சும்மா சிமெந்து எத்தனை நாளைக்கு? புஷ்பம் யோசித்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. இரண்டு கருப்பட்டியை நசுக்கி வெந்நீரில் கரைத்து, கட்டி தெரியாமல் துணியில் வடித்து, பீப்பாவில் ஊற்றி அகப்பைக் காம்பால் கலக்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. பாஸ் சிரிப்பார் என்று ஒரு கூச்சம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது: சொன்னால் சுப்பம்மாவும் போட்டுக்கொள்வாள். இரண்டு தரையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது தன்னுடையதுதான் நிற்கவேண்டும் என்று மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு.

பாஸ் பெட்டியால் அளந்து கொட்டினார். சிமெந்து ஒன்று, மணல் இரண்டு, கல் நாலு. தகரத்தின் மேல் சிமெந்தையும் மணலையும் மூன்று தரம் புரட்டி, நிறம் ஒன்றாக வந்த பிறகு கல்லைப் போட்டு, நடுவில் குழி பறித்தார்.

"தண்ணி கொஞ்சம் கொஞ்சம் அக்கே. கஞ்சி வேணாம். ரொட்டி மா மாதிரி வரணும்."

புஷ்பம் வாளி வாளியாக மொண்டு ஊற்றினாள். நாகலிங்கமும் இருளப்பனும் ஆளுக்கொரு சவளோடு எதிரும் புதிருமாக நின்று வெட்டிப் புரட்டினார்கள். சவள் தகரத்தில் உரசுகிற சத்தம் மேல் லயம் வரைக்கும் கேட்டது. தாச்சியில் அள்ளி அள்ளிக் கொட்டி, பாஸ் மட்டக்கோலால் இழுத்து, கடைசியில் மேசன் கரண்டியால் தடவிவிட்டார். பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது. சாம்பல் நிறத்தில் பளபளவென்று கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் புஷ்பம் கையைக் கழுவக்கூட மறந்துபோனாள். பத்தரைக்கு அவர்கள் அந்தப் பக்கம் போய், சுப்பம்மாவின் பீப்பாவிலிருந்து சுப்பம்மா மொண்டு ஊற்ற, இன்னொரு தரை போட்டார்கள்.

திங்கட்கிழமை விடியும்போதே மழை. பிரட்டு இல்லை. புஷ்பம் பின்பக்கம் போய், மூடியிருந்த சாக்கைத் தூக்கிப் பெருவிரலால் அழுத்தினாள். விரல் போனது, நகம் முழுக்கப் போனது. சரி, இன்னும் நேரமாகவில்லை என்று தடவி மூடினாள். அரை மணி கழித்து மறுபடியும் அழுத்தினாள். பத்து மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் சுப்பம்மா தன் தரையில் ஏறி நின்று, கொட்டிலுக்கு ஓரத்து மண்ணில் குச்சி அடித்துக்கொண்டிருந்தாள். செருப்புப் போட்ட காலோடு.

"என்னா புஷ்பம், இன்னும் களியாவா கெடக்கு?"

"நெழலு அக்கா. ஒங்க பக்கம் வெயிலு படுது."

"வெயிலா? சூரியன கண்டு மூணு நாளாச்சி. நீ எங்க கண்ட?"

"அப்ப காத்து. ஒங்க பக்கம் காத்து."

இருளப்பன் பல்குச்சியோடு வந்து எட்டிப் பார்த்தான். தெரியாது என்கிற வார்த்தை அவன் வாயில் வராது. "சிமெந்தும் அரிசி மாதிரித்தான் மதினி. சில அரிசி சீக்கிரம் வேகும். சிலது கல்லரிசி, நேரம் புடிக்கும்."

"ரெண்டும் ஒரே கடை, ஒரே பேரு சிமெந்து. ஒரே லொறியில வந்துச்சி. அதுல என்னாத்த கல்லரிசி?"

"ஒரே வயித்துல பொறந்த புள்ளைக ஒண்ணா இருக்கா? எங்கண்ணனும் நானும் ஒண்ணா?"

"ஒங்கண்ணனுக்கு வெக்கமாவது இருக்கு."

"அப்ப கண்ணூறுதான்," என்றான் இருளப்பன், கொஞ்சமும் சளைக்காமல். "நேத்து முழு லயமும் வந்து பாத்துச்சில்ல. சுத்திப் போடுங்க."

இதைக் கேட்கிறவர்கள் சிரிக்கலாம், ஆனால் புஷ்பம் சுற்றிப் போட்டாள். காய்ந்த மிளகாயும் உப்பும் எடுத்து, எட்டடிக்கு ஆறடித் தரையை மூன்று தரம் வலம் வந்து, அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி அடித்து அவளே இருமினாள். கண்ணூறு இருந்தால் நெடி வராது என்பார்கள். அப்படியானால் கண்ணூறும் இல்லை. பிறகு என்ன எழவு இது?

செவ்வாய்க்கிழமையும் மழை, செவ்வாய்க்கிழமையும் களி. மத்தியானம் சுப்பம்மாவின் கோழி ஒன்று வேலிக்குள் நுழைந்து தரைக்குக் குறுக்கே நடந்து போனது. அடிக்கு அடி கால் பதிந்தது. புஷ்பம் அந்தக் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடிய வேகத்தைப் பார்த்தும், கோழியைச் சொல்லி அவள் திட்டிய திட்டைக் கேட்டும் சுப்பம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தத் திட்டு கோழிக்கு இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று சோறு வைக்கவில்லை. முதல்நாள் ரொட்டியைச் சம்பலோடு பிய்த்துப் போட்டுக்கொண்டே வாசலுக்கும் பின்பக்கத்துக்கும் நடந்தாள். வியாழனுக்கு இடையில் இன்னும் ஒரே நாள். சுப்பம்மாவின் தரை இறுகிவிட்டது, என்னுடையது இறுகவில்லை. என்ன வித்தியாசம்? ஒரே கல், ஒரே மணல், ஒரே பாஸ். அப்போது அவளுக்குப் பளிச்சென்று விடை கிடைத்தது. தப்பான விடை. என் பங்குச் சிமெந்தில் பாதியை அவர் சுப்பம்மா தரையில் போட்டிருக்கிறார், இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்!

குடையைக்கூட எடுக்காமல் சந்திக்கு இறங்கினாள். பாறூக் நானாவின் தேத்தண்ணிக் கடை வாங்கில் குணதாச பாஸ் உட்கார்ந்திருந்தார். சுற்றிவர ஏழெட்டுப் பேர், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். புஷ்பத்தின் சிங்களம் நல்ல சிங்களம். கோபம் வந்துவிட்டால் அது தமிழைவிட நன்றாக ஓடும். தரை களியாகக் கிடக்கிறது, சிமெந்தைத் தின்றுவிட்டாய், ஏழை வயிற்றில் அடித்தாய் என்று ஒரே மூச்சில் ஓட்டி, கடைசியில் கையை நீட்டி, "ஹொரா!" என்றாள். கள்ளன் என்கிற அந்தச் சொல்லைச் சந்தியில் வைத்து ஒருவனைப் பார்த்துச் சொல்வது சின்ன விஷயமில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

பாஸ் தேத்தண்ணிக் கிளாஸை வாங்கில் வைத்தார்.

"நாளைக்கிக் காலையில வாறேன். பாத்துட்டுப் பேசுவம் அக்கே," என்றார் தமிழில்.

சொன்னபடி புதன்கிழமை விடிய ஏழு மணிக்கே வந்துவிட்டார். நாகலிங்கம் வேலைக்குப் போயிருந்தான். பாஸ் குந்தியிருந்து தரையை விரலால் கிண்டி, கட்டியை எடுத்து நசுக்கி, மோந்து பார்த்தார். மிச்சமிருந்த மணலைக் கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்தார், மண் ஒட்டவில்லை, நல்ல ஆற்று மணல். சிமெந்துச் சாக்கை உதறிப் பார்த்தார். புஷ்பம் தூணைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்லப்போகிறார் பார்ப்போம் என்று நின்றாள். பாஸ் பீப்பாவுக்குப் போனார். அடியில் ஒரு சாண் தண்ணீர் மிச்சமிருந்தது. அவர் அதற்குள் பார்க்கவில்லை. பீப்பாவின் விளிம்பைப் பார்த்தார். சுவரிலிருந்து இறங்கி வந்த எறும்புக் கூட்டம் ஒன்று விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தது.

"பச்சத் தண்ணிக்கு எறும்பு வராது அக்கே."

புஷ்பம் தூணை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"மொனவத தெம்மே? என்னா போட்ட இதுல?"

"என்னாத்த போட? பீலித் தண்ணிதான்."

"மாவனெல்லையில ஒரு வேலையில இப்பிடித்தான். சீனி மூட்ட கிழிஞ்சி கொஞ்சம் மணல்ல கொட்டிருச்சி. ஒரு கிழமை, முழுசா ஏழு நாளு, சிமெந்து எந்திரிக்கல. சீனி பட்டா சிமெந்து தூங்கிரும் அக்கே."

"சீனியா? எங்க வீட்டுல சீனியே வாங்குறதில்ல பாஸ்."

அது உண்மைதான். வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் புஷ்பத்துக்குக் கருப்பட்டி ஞாபகம் வந்துவிட்டது. பாஸ் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாரத்தைத் தட்டிக்கொண்டு, "நாளைக்கி ஐயா வரக்குள்ள நானும் வாறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் புஷ்பம் பீப்பாவைக் கவிழ்த்தாள், கழுவினாள், மறுபடியும் கழுவினாள். எறும்புகள் போக்கிடம் தெரியாமல் அலைந்தன. நானே, என் கையாலேயே, என்று அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடித்தும் கொண்டாள். அப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது சுண்ணாம்பு. இது சிமெந்து. இரண்டுக்கும் இடையில் ஒரு வாசல் தூரம்கூட இல்லை என்று நினைத்தது அவள் தப்பு.

அஞ்சு மணிக்கு நாகலிங்கம் புகை வாடையோடு வந்து, கால் கழுவி, வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தான். அவன் பேசுவது குறைவு. பேசினால் பாதி நக்கலாக இருக்கும்.

"ஏங்க, ஒன்னு சொல்லணும்."

"மாடு கன்னு போட்டுருச்சா?"

"வெளையாடாதீங்க. தரை எறுகாததுக்கு நாந்தான் காரணம்." சொன்னாள். கருப்பட்டி, அப்பா, கோயில், சுப்பம்மா, எறும்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

நாகலிங்கம் தேத்தண்ணியை ஆற்றிக் குடித்து முடித்தான்.

"பாசுக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நெனைக்கிறேன். ஆனா நான் ஒத்துக்கல."

"அப்ப சரி. நாளைக்கும் ஒத்துக்காத. ஐயா கேட்டா பாஸ் கலந்ததுன்னு சொல்லுவோம். அவங்களே புதுசா சிமெந்து தருவாங்க."

"அந்த மனுசன் பாவமில்ல?"

"அவருக்கு நாட்டுல காணி இருக்கு. மிளகு இருக்கு. கித்துள் மரம் நாலு நிக்குது. நமக்கு என்னா நிக்குது? சொல்லு. தொரைக்குச் சொந்தமான மரமும், தொரைக்குச் சொந்தமான காம்பராவும். ஒரே ஒரு தரம், புஷ்பம், ஒரு சாமான் நம்ம பேருல வருது."

அவன் சொன்னதும் உண்மைதான் என்பதுதான் கொடுமை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இந்திரகுமார் ஐயா மோட்டார் சைக்கிளில் வந்தார். கேகாலை ஆபீஸ்காரர், சின்ன வயசு, நல்ல மனுஷன், ஆனால் ஃபைலுக்கு வெளியே ஒரு எழுத்தும் போகமாட்டார். லயமே பின்பக்கம் கூடிவிட்டது. குணதாச பாஸ் ஒரு ஓரமாக, குளித்து வெள்ளைச் சட்டை போட்டு, கை கட்டி நின்றார். ஐயா குடையின் கூர்நுனியைத் தரையில் ஊன்றினார். கூர் ஒரு அங்குலம் இறங்கிப் போனது. குடையைப் பிடுங்கி எடுத்து எல்லார் முகத்தையும் பார்த்தார்.

"நாலு நாளாச்சி. என்ன இது?"

"பாஸ் கலந்ததுங்க ஐயா," என்றான் நாகலிங்கம். "நாங்க கூலிக்காரங்க, எங்களுக்கு என்னா தெரியும்?"

"குணதாச?"

"நான் சரியாத்தான் கலந்தேன் சேர். எனக்கு வேற சொல்லத் தெரியாது."

ஐயா ஃபைலைத் திறந்தார். "மூணு தோட்டத்துல பன்னெண்டு தரை ஒங்க பேருல இருக்கு. இப்பிடி வேலை செஞ்சா எப்பிடி நான் குடுக்கிறது? பேர எடுத்துட வேண்டியதுதான்." பிறகு புஷ்பத்தைப் பார்த்துச் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா. பாசோட பிழைன்னா ஒங்க பேரு அப்பிடியே இருக்கும். புதுசா ரெண்டு மூட்டை தாறோம், ரெண்டு கிழமை தவணை. கிடாரி ஒங்களுக்குத்தான்."

கிடாரி ஒங்களுக்குத்தான். ஒரு மாசமாகக் காது ஏங்கின வார்த்தை. நாகலிங்கம் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றால் போதும். வாழ்க்கையில் ஒரு தடவை சும்மா இருந்தால் போதும்.

பாஸ் எறும்பைப் பற்றிச் சொல்லுவார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. ஐயாவைப் பார்க்கவுமில்லை, தரையைப் பார்க்கவுமில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாகப் பார்த்திருந்தால் அவளும் முறைத்திருப்பாள். ஐயா பேனா மூடியைக் கழற்றி எழுதக் குனிந்தார்.

"ஐயா, எழுதாதீங்க."

நாகலிங்கம் அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

"நாந்தாங்க. தண்ணியில கருப்பட்டி கரைச்சி ஊத்துனேன். பாசுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"கருப்பட்டியா? எதுக்கும்மா?"

"நல்லா நிக்கும்னுங்க. கோயில் சுவத்துக்குப் போட்டாங்கன்னு எங்கப்பா சொன்னாரு."

முதலில் சிரித்தது இருளப்பன். அப்புறம் லயமே சிரித்தது. தரைக்குப் பிளேன்டி குடுத்தியா புஷ்பம் என்று யாரோ கேட்டார்கள். ஐயா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார், பாவம். புஷ்பத்துக்குக் காது இரண்டும் எரிந்தது, ஆனாலும் தலையைக் குனியவில்லை.

"சிமெந்துக்கு இனிப்பு ஆகாதும்மா. உண்மையச் சொன்னீங்க, சந்தோசம்," என்றார் ஐயா. "ஆனா வீட்டுக்காரங்க பிழைன்னா அடுத்த பேருக்குத்தான் போகணும். நான் ஒண்ணும் செய்யேலாது. இத ஒடைச்சி அள்ளிட்டு வேற போடுங்க, அடுத்த தவணை வந்தா பாப்பம்." வேலியைத் தாண்டிப் போய்ச் சுப்பம்மாவின் தரையில் குடையை ஊன்றினார். டக் என்றது. ஃபைலில் எழுதினார்.

எல்லாரும் அந்தப் பக்கம் போன பிறகு பாஸ் மட்டும் நின்றார்.

"மன்னிச்சிக்குங்க பாஸ்," என்றாள் புஷ்பம்.

"இங்க சொல்லி என்னா அக்கே? ஹொரான்னு சந்தியிலதானே சொன்ன. இல்லன்னும் சந்தியில சொல்லணும்."

வெள்ளிக்கிழமை மழை வெளித்திருந்தது, வேலையும் இருந்தது. பால் வெட்டி நிறுத்துப் போட்டுவிட்டு, கையில் பால் பிசுக்கோடேயே சந்திக்கு இறங்கினாள். பாறூக் நானாவின் கடை முன்னால் பஸ்ஸுக்கு ஆட்கள் கூடுகிறவரைக்கும் காத்திருந்து, கூடினபிறகு சிங்களத்தில் உரக்கச் சொன்னாள்: குணதாச பாஸ் கள்ளன் இல்லை, தரையைக் கெடுத்தது நான், அன்றைக்கு வாய் தவறிப் பேசினதும் நான். சிங்களம் அன்றைக்கு ஓடவில்லை, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளவேண்டியிருந்தது. நாலு பேர் தலையாட்டினார்கள், ஒருத்தர் சிரித்தார். பாஸ் கடைக்குள் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடிந்ததும் தேத்தண்ணியைக் குடித்தார்.

சனிக்கிழமை கிடாரி வந்தது. சின்ன லொறியில், சிவப்பும் வெள்ளையுமாக, நீர் கோத்த கண்ணோடு. லயமே ஓடியது. புஷ்பம் போகவில்லை. சுப்பம்மா ஒரு குத்தல் பேச்சுப் பேசியிருந்தால்கூடச் சண்டை பிடித்து ஆறியிருப்பாள். அவளோ அன்றைக்குச் சாயங்காலம் ஒரு கொத்துப் புல்லை அறுத்து வந்து, "நீயும் ஒரு வாய் குடு புஷ்பம்," என்று வேலிக்கு மேலால் நீட்டினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. கை வேலையாக இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

நாகலிங்கம் வியாழக்கிழமையிலிருந்து அவளோடு பேசவில்லை. சோற்றைப் போட்டால் தின்றான், பாயைப் போட்டால் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். அந்தத் தரையை உடைத்து அள்ளி வடிகால் கான்கட்டில் கொட்டாமல் விடுவதில்லை என்று முகம் சொன்னது. புஷ்பம் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முதல் குத்துக் கேட்டது. டங் என்றது. இரண்டாவது, மூன்றாவது. பிறகு ஒரு கெட்ட வார்த்தை.

"ஏய் புஷ்பம், இங்க வா!"

மூன்று நாளைக்கு அப்புறம் கேட்ட குரல். துருவலைப் போட்டுவிட்டு ஓடினாள். நாகலிங்கம் உள்ளங்கையை உதறிக்கொண்டிருந்தான். அலவாங்கு எகிறிப் போய் வாழை மரத்தடியில் கிடந்தது. சாக்கை விலக்கிப் பார்த்தாள். தரையில் மூன்று வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். ஒரு சில்லுக்கூடப் பெயரவில்லை.

"கருங்கல்லாயிருச்சி," என்றான் அவன். "ஒங்கப்பன் சொன்னது சரிதான். ஒரு கிழமை பிந்தும்னுதான் சொல்லாம விட்டுட்டான்."

புஷ்பம் காலை வைத்தாள், மெல்ல, சூடான இடத்தில் வைப்பதுபோல. இறங்கவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். நாலு எட்டு. திரும்பி நடந்தாள். மாடு கட்டவென்று அளந்து போட்ட எட்டடியும், கோழிக் கால் தடமும் குடைக் குழியும் போக, வழவழவென்று, நல்ல சரிவோடு, ஒரு வெடிப்பில்லாமல் கிடந்தது. மூன்று நாளைக்கு முந்தி இப்படிக் கிடந்திருக்கக்கூடாதா, சண்டாளத் தரையே!

"நான் சொல்லாம இருந்திருக்கலாம்," என்றாள்.

"இருந்திருக்கலாம்."

"இப்ப இதுல என்னாத்தக் கட்டுறது?"

நாகலிங்கம் அவளைப் பார்த்தான். பிறகு தரையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கழுத்தை நீட்டினான்.

"என்னயக் கட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரமாக அடைத்துக்கிடந்த சிரிப்பு, வாயை முந்தானையால் பொத்தியும் நிற்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், புது இடம் பிடிபடாத கிடாரி தலையைத் தூக்கிக் கத்தியது. புஷ்பம் சிரிப்பைப் பாதியில் நிறுத்தி அந்தப் பக்கம் பார்த்தாள். அவனும் பார்த்தான். மறுபடியும் ஒருதரம் கத்தியது.

"பசிக்குது போல," என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "சுப்பம்மா அக்கா கோயிலுக்குப் போயிருக்கு. நான் கொஞ்சம் புல்லு போட்டுட்டு வாறேன்."